அந்தப் பக்க மூலை

ஏழு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தபோது அந்தம்மாள் வந்து சலவைக்கூடத்தின் கதவருகே நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டு டப்பா.

என் மைத்துனன் டப்பாவைத்தான் முதலில் பார்த்தான்.

"மாமா, சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கு. இது கையெழுத்துக்கு வந்த கேஸ் இல்ல."

இந்த நாட்டில் வேலை செய்ய எனக்கிருக்கும் பர்மிட் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன் என் வேலையைக் கம்பெனி உள்ளூர்க்காரர்களுக்கு அறிவித்தாக வேண்டும். யாராவது வந்தால் ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் தேறிவிட்டால் எனக்குப் பர்மிட் இல்லை. போன தடவை ஒருவரும் வரவில்லை. இப்போது காலம் கெட்டிருக்கிறது. இந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உதவித்தொகை அலுவலகத்தில் காட்ட ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பினார். இன்னொருவர் இஸ்திரி மெஷினில் மூன்று படுக்கை விரிப்புகள் வரை தாங்கினார். "இது மெஷினா, அடுப்பா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் போன பிறகு மைத்துனன் மெஷினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"நீயே அவங்ககூட நில்லு," என்றார் சூப்பர்வைசர், என் முகத்தைப் பார்க்காமல். "வேற யாரு இருக்கா?"

உண்மைதான். ஹோட்டல்கள் காலி. மூன்று இஸ்திரி மெஷின்களில் இரண்டைப் பிளாஸ்டிக் போட்டு மூடியாயிற்று. யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறார் என்று அந்தம்மாளிடம் யாரும் சொல்லவில்லை.

மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரே நேரத்தில் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு கை அரை நொடி முந்தினாலும் விரிப்பு கோணலாக ஏறிச் சுருட்டிக்கொள்ளும். மெஷின் நின்றுவிடும். எந்தக் கை முந்தியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. புது ஆள் இருந்தால் பழி புது ஆளுக்கு.

மைத்துனன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"உங்க பக்கம் ஒரு இழுப்பு இழுத்தா மெஷின் நின்னுடும், மாமா. மூணு தடவை நின்னா அவங்களே அனுப்பிடுவாங்க."

"வாயை மூடுடா."

"மூடிக்கிறேன். அக்காவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க. புள்ள காலேஜ் ரெண்டாவது வருஷம். நாலு மாசத்துல எனக்கும் இதே கூத்துதான்."

அந்தம்மாள் என்னைப் பார்த்தார். அவர்கள் மொழி எனக்கு வேலைக்குப் போதுமான அளவு வரும்.

"என்ன சொல்றார்?"

"வண்டி கனமா இருக்காம்."

அவர் விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நீலக் கோடு போட்டது வராதா?"

"ரெண்டு மாசமா வரல."

"வராது. எங்க ஹோட்டலோடது. பதினெட்டு வருஷம் அதைத்தான் விரிச்சேன்."

அவர் மூலையைத் தேடவில்லை. கை தானாகப் போனது. முதல் நாற்பது விரிப்புகளும் நேராக ஏறின. சூப்பர்வைசர் மறுபக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் வண்டியைத் தேவைக்கு மேல் சத்தமாக இடித்தான்.

பத்து மணிக்கு மேல் நான் இழுத்தேன்.

மெஷின் நின்றது. துணி தீயும் வாடை வந்தது.

"என் தப்பு," என்றார் அந்தம்மாள், சூப்பர்வைசர் வாய் திறப்பதற்குள். "நான்தான் லேட்டா விட்டுட்டேன். இவர் சரியாத்தான் விட்டார்."

சூப்பர்வைசர் தாளில் ஒரு கோடு போட்டார். நாங்கள் இருவரும் உருளையிலிருந்து விரிப்பைப் பிரித்தெடுத்தோம். கை சுட்டது. அவர் என் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் விரிப்பைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன் இன்னொரு முறை இழுத்தேன். அவர் கையும் கூடவே வந்தது. விரிப்பு நேராக ஏறியது, முன்னைவிட வேகமாக.

மூன்றாவது முறை முயலவில்லை. கொஞ்சம் உட்கார வேண்டும் போலிருந்தது. அங்கே நாற்காலி கிடையாது.

"நல்லா டிரெயினிங் குடுக்குறீங்க, மாமா," என்றான் மைத்துனன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

நான்கு மணிக்கு சூப்பர்வைசர் தாளோடு அலுவலக அறைக்குள் போனார். அதில் ஒரே ஒரு கோடுதான். அந்தம்மாள் குழாயடியில் மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் எல்லோருக்கும் மணிக்கட்டில்தான் வலிக்கும். எனக்கு நான்கு வருடமாக வலிக்கிறது. அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"கூட நிக்கிற ஆளைப் பொறுத்துத்தான் இந்த வேலை, இல்லையா?" என்றார். "நான் சேர்ந்தா, அந்தப் பக்கம் நீங்கதானே நிப்பீங்க?"