முதலில் குழந்தையைப் பாருங்கள்

அப்பாவின் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டிருந்தது. அப்படியும் வாய் மட்டும் மூடவில்லை. டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை, எதிரே வருகிறவனுக்கு ஒதுங்கத் தெரியவில்லை, இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று வழியெல்லாம் உறுமிக்கொண்டே வந்தார். சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் அவள் சின்னவள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. இருவருக்கும் நடுவில் அவளுடைய மகள், எட்டு வயது வாண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பல் ஆஸ்பத்திரிக்கு வாண்டையும் அழைத்துவரச் சொன்னது அப்பாதான். "ஸ்கூல் லீவுதானே, அவளும் வரட்டும். வேடிக்கை பாத்த மாதிரி இருக்கும்" என்றார். பேத்தி மேல் திடீர்ப் பாசம் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். மூன்று முறை பட்டவள், அவளுக்கு அப்போதே சுருக்கென்றிருக்க வேண்டும்.

அப்பா ஒரு காலத்தில் பெரிய அதிகாரி. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே ஆபீசில் குமாஸ்தாக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். இதை வீட்டில் வந்து சொன்னவரும் அவரேதான். வெறுங்கையால் பாம்பைப் பிடித்தது, ரவுடி ஒருவனைப் பார்வையாலேயே ஓட வைத்தது என்று அவரிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. பாம்பையும் யாரும் பார்த்ததில்லை, ரவுடியையும் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் வீட்டில் நாக்குமேல் பல்லைப் போட்டு ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட வீரருக்கு, சின்னவளுக்கு எட்டு வயதானபோது, இடது பக்கம் கீழே ஒரு பல் சொத்தையானது. கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து அடக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று, காய் வேகவில்லை என்று அம்மாவின் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "பல் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வாங்களேன்" என்று அம்மா மெல்லச் சொன்னாள். "ஏன், போக மாட்டேன்னு சொன்னேனா? எனக்கென்ன பயமா?" என்று குதித்தார். அடுத்த நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "சின்னவளையும் கூட்டிட்டுப் போறேன். அவ பல்லையும் காட்டிடலாம்" என்றார். சின்னவளின் பற்களில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பல் டாக்டரின் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. குறுகலான மரப்படி. ஏற ஏற டயர் வாசனை குறைந்து ஸ்பிரிட் வாசனை ஏறும். மேலே ஒரு பெஞ்சு, மூலை மடங்கிய பழைய பத்திரிகைகள், எதிரே கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் வரிசையாகப் பொய்ப்பல் செட்டுகள், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே மூலையில் ஸ்டவ்வின் மேல் ஊசிகளும் குறடுகளும் கொதித்துக்கொண்டிருக்கும். நடுவில் இரும்பு நாற்காலி. அதன் கைப்பிடியில் ரெக்சின் முழுவதும் பிய்ந்திருந்தது. எத்தனை பேர் பிறாண்டியதோ.

அந்த டாக்டரும் ஒரு மகானுபாவர். விரல்களில் சிகரெட் நாற்றம். குழந்தைகளின் வாய் என்பது தன் முழங்கையை நுழைப்பதற்காகப் படைக்கப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர். "அழுதா நாக்கையும் சேத்து எடுத்துடுவேன்" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் வார்த்தை. அதற்கு அவரே சிரித்தும் கொள்வார். பின்னால் ஒரு கம்பவுண்டர் நின்று, குழந்தையின் தலையைத் தேங்காயைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

"யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டார் டாக்டர்.

"முதல்ல குழந்தையப் பாருங்க டாக்டர்" என்றார் அப்பா. "ராத்திரியெல்லாம் பல்லு வலின்னு ஒரே அழுகை. நேரம் இருந்தா அப்புறம் எனக்கும் பாத்துக்கலாம்."

சின்னவள் வாயடைத்துப் போனாள். அவள் ராத்திரி முழுவதும் கட்டையைப் போலத் தூங்கியவள். பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லும் அப்பா, கண்ணிமைக்காமல் ஒரு முழுப் பொய் சொல்லிவிட்டு அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "எந்தப் பல்லு, காட்டு" என்று அதட்டினார் டாக்டர். வலிக்காத வாயில் எதைக் காட்டுவது? ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு பால் பல்லைக் காட்டினாள். எப்படியும் விழப்போவது, போய்த் தொலையட்டும் என்று. எட்டு வயதுக்கு அது பெரிய புத்திசாலித்தனம்தான். ஆடுகிற பல்லுக்கே அந்த மனிதர் குறட்டைப் போட்டு ஒரு திருகு திருகினார்.

அப்பா நாற்காலியின் கால்பக்கம் நின்று, தன் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, குறடு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் குனிந்து அவள் காதருகே, "வலிச்சுதா? உண்மையச் சொல்லு" என்று கேட்டார். அப்பா அவளிடம் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ரொம்ப வலிச்சுதுப்பா" என்று தேம்பினாள். அப்பாவின் முகம் வெளுத்தது. "வேலை இருக்கு டாக்டர், இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லி, அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

தன் வலியைப் பார்க்க அப்பாவுக்கு மனம் தாங்கவில்லை என்று நினைத்தாள் சின்னவள். "அப்பாக்கு என் மேல உசிரு, தெரியுமா?" என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சுடும்.

அடுத்த வருடம் மறுபடி கூட்டிக்கொண்டு போனார். அதே படி, அதே பொய், முதுகில் அதே கை. இந்த முறை ஆடுகிற பல் எதுவும் கைவசம் இல்லை. டாக்டரே தேடி, கடைவாயில் ஒரு கரும்புள்ளியைக் கண்டுபிடித்து, அந்தப் பல்லைப் பிடுங்கிப் போட்டார். அது பால் பல் அல்ல, திரும்பி முளைக்கவே இல்லை. "வலிச்சுதா?" என்றார் அப்பா. வாய் நிறைய ரத்தத்தோடு தலையை ஆட்டினாள். உடனே அப்பாவுக்கு அவசர வேலை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் தன் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று முனகியதை சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிமிடம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலிக்கிறது அவருக்கு. நாற்காலியில் உட்காருவது இவள். அவருக்கு இவள்மேல் உயிரும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார்களே, அந்த விரல்தான் இவள். அண்ணனை ஏன் ஒரு முறைகூட அழைத்துப் போகவில்லை என்பதும் புரிந்தது. அவன் ஆண்பிள்ளை, அவன் பல்லுக்கு மவுசு அதிகம்.

மூன்றாவது முறை போனபோது அவளுக்குப் பத்து வயது. டாக்டர் அன்று குறட்டை எடுக்கவில்லை, சக்கரத்தில் கயிறு ஓடும், பல்லைக் குடைகிற மெஷினை எடுத்தார். அது பல்லில் பட்டதும் மண்டைக்குள் தகரத்தை அறுப்பது போலிருந்தது. கண்ணில் நீர் தாரையாக ஓடியது. எல்லாம் முடிந்து இறங்கியதும் அப்பா குனிந்தார். "வலிச்சுதா? உண்மையச் சொல்லு."

சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வலிக்கவே இல்லப்பா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துது."

"நிஜமா?"

"சத்தியமா."

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ராஜா சிம்மாசனத்தில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்தார். கம்பவுண்டர் கழுத்தில் வெள்ளைத் துண்டைக் கட்டி கிளிப்பை மாட்டினார். டாக்டர் ஸ்டவ்விலிருந்து எடுத்த ஊசியை ஈறில் இறக்கினார். அடுத்து எழுந்த அலறலில் கீழே சைக்கிள் கடையில் பம்பு அடிக்கும் சத்தம் நின்றுபோனது. டாக்டரைத் தள்ளிவிட்டு, எச்சில் தொட்டியை இடித்துக்கொண்டு, ஆபீசையே நடுங்க வைத்த மனிதர், கழுத்தில் துண்டு பறக்க மரப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

ஓடியதுகூடப் பரவாயில்லை. பெற்ற பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். சின்னவள் பொய்ப்பல் அலமாரிக்கு எதிரே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்து சைக்கிள் கடைக்காரர் மேலே வந்து, "பாப்பா, உங்கப்பா தெருமுனையில நிக்கறாரு. உன்ன வரச் சொன்னாரு" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அப்பாவிடம் கதை தயாராகிவிட்டது. "உன் பொண்ணு பண்ணின கூத்தக் கேளு. டாக்டர் ஊசிய எடுத்ததுமே துண்டோட எறங்கி ஓடிட்டா! நான் தெருவெல்லாம் தொரத்திப் பிடிச்சுட்டு வரேன்." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அப்பாதான்" என்று சின்னவள் ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "விடுடி. அவர் சொன்னா சொல்லிட்டுப் போறாரு. உனக்கென்ன கொறஞ்சுபோச்சு?" என்றாள். ஒரு கடைவாய்ப் பல் குறைந்துபோயிருந்தது. அதை யார் எண்ணினார்கள்?

அன்றிலிருந்து உறவு கூடும் இடமெல்லாம் அந்தக் கதைதான். அப்பா கண், காது, மூக்கு வைத்து வளர்த்துக்கொண்டே போனார். சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். அவளுடைய கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் பல்லைக் காட்டினாள். அப்பாவின் சொத்தைப் பல் தானாகப் பொடிப்பொடியாக உதிர்ந்து, வேர் மட்டும் ஈறுக்குள் தங்கிவிட்டது. அந்த வேர்தான் இப்போது சீழ் பிடித்திருந்தது. வலி தாங்காமல் அப்பா முந்தின நாளே சின்னவள் வீட்டில் வந்து படுத்துவிட்டார். அண்ணனுக்குப் போன் செய்தால், "நீதான் பக்கத்துல இருக்க, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான். அவன் பல்லுக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

இப்போதைய ஆஸ்பத்திரி கண்ணாடிக் கதவும் மீன் தொட்டியுமாக இருந்தது. காத்திருந்த நேரத்தில், வீங்கிய வாயாலேயே அப்பா வாண்டுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். "உங்கம்மா இருக்காளே, சின்ன வயசுல துண்டோட ஓடினவ! நான் அப்படியே பாறை மாதிரி உக்காந்து ஊசி போட்டுக்கிட்டேன்." வாண்டு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. அந்தப் பார்வையில் லேசான ஏளனம் இருந்தது. ஊரெல்லாம் சிரித்தபோது தாங்கிக்கொண்ட சின்னவளுக்கு, பெற்ற மகள் தன்னை அப்படிப் பார்த்ததைத் தாங்கமுடியவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு இளம்பெண். அப்பாவின் கன்னத்தைப் பார்த்ததுமே, "வாங்க தாத்தா, இப்படி உக்காருங்க" என்று நாற்காலியைத் தாழ்த்தினாள்.

அப்பா ஒரு அடி பின்னால் வைத்தார். "முதல்ல குழந்தையப் பாரும்மா" என்றார். "ராத்திரியெல்லாம் பல்லு வலின்னு ஒரே அழுகை. எனக்கென்ன அவசரம்?" அவருடைய கை வாண்டின் முதுகுக்குப் போனது.

சின்னவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு சொல்கூட மாற்றவில்லை மனிதர். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும், வாயைத் திறந்து கத்த வேண்டும். ஆனால் எட்டு வயதில் ஒட்டிக்கொண்டது போலவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நானா?" என்றது வாண்டு. "நான் எங்க அழுதேன்? தாத்தாதான் அழுதாரு. தலகாணிய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அழுதாரு. நான் பாத்தேன்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏய், வாய மூடு!" என்று கர்ஜிக்கப் பார்த்தார். வீங்கிய கன்னத்துக்குள்ளிருந்து அது கீச்சென்றுதான் வந்தது. டாக்டர் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டாள். சின்னவள் மகளையே பார்த்தாள். இவ்வளவுதான், இவ்வளவு லேசான வார்த்தைகள். மூன்று முறை நாற்காலி ஏறியும் தன் வாயில் வராத வார்த்தைகள்.

தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அப்பா நாற்காலியில் விளிம்போரமாக உட்கார்ந்து, மகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப்போயிருந்தது. "வலிக்குமா? நீயாவது உண்மையச் சொல்லு."

சின்னவள் குனிந்து அவர் காதருகே போனாள். "வலிக்கவே வலிக்காதுப்பா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அப்பா அவளை வெறித்துப் பார்த்தார். பாதி மூடிய கண்ணும் மெல்லத் திறந்தது. "அன்னைக்கும் நீ இதேதான சொன்ன?"

"ஆமா. அன்னைக்கு உசிரு போற மாதிரி வலிச்சுது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அப்பாவின் வாய் பிளந்துகொண்டது. "அப்படியே வச்சிருங்க தாத்தா, நல்லாத் தெரியுது" என்று டாக்டர் விளக்கை இழுத்து, கழுத்தில் துண்டை மாட்டினாள்.

வாண்டு துண்டைப் பார்த்தது, தாத்தாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. "அப்போ துண்டோட ஓடினது நீ இல்லயா?"

"இல்ல."

"தாத்தாவா?"

நாற்காலியிலிருந்து ஒரு கை பதறி எழுந்தது. வாய்க்குள் கண்ணாடியும் விரலும் இருந்ததால் சத்தம் வரவில்லை.

"தாத்தாதான்" என்றாள் சின்னவள், அறை முழுக்கக் கேட்கும்படி. "என்ன அங்கயே விட்டுட்டு ஓடினாரு."

வாண்டு கதவைத் திரும்பிப் பார்த்தது. "இப்பவும் ஓடிடுவாரா?"

சின்னவள் சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"எப்படி ஓடுறாருன்னு பாக்கறேன்."