கடலுக்குள் நின்ற லூர்த்தம்மா

எமில்ராஜ் பாயைச் சுருட்டினான். முகம் கழுவினான். வெறுந்தேநீர் குடித்தான். மனைவி லவீனாவின் பெரிய பிஸ்கற் தகரப் பேணிக்குள், ஈரம் படாமல் கைபேசியை வைத்து மூடி, வேலைக்குக் கொண்டுபோனான். அவள் செத்த பிறகும் அதுதான் வழக்கம்.

விடியுமுன்பே குருநகர் நண்டு வாடியில் வேலை தொடங்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் குந்தியிருந்து, அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். ஓட்டு முள் நகத்தடியில் ஏறும். அந்தக் காயத்திலேயே உப்புத் தண்ணீர் ஊறும். எமில்ராஜ் பட்டதாரி. வேறு வேலை கிடைக்காமல் அங்கே ஐஸ் உடைத்தான்.

எல்லோரும் கைபேசியைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். ஆள் வாடிக்குள் நிற்கிறாரா என்று அது முதலாளிக்குக் காட்டும். வெளியே காட்டினால் கூலி இல்லை.

அன்று முதலாளி சிமியோன் வந்ததும் வராததுமாகத் தன் கைபேசியை நீட்டினார்.

“லூர்த்தம்மா, நீ இனி வரவேண்டாம். வேலை நேரத்திலை வெளியிலை திரியிறாய். பார், கடலுக்கை நிக்கிறாய்.”

லூர்த்தம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. “கடலுக்கை நிண்டே இவ்வளவு நண்டும் உடைச்சனான்? நான் என்ன யேசுநாதரே, தண்ணிக்கு மேலை நடக்க?”

பெண்கள் சிரித்தார்கள்.

“சற்றலைற் பொய் சொல்லாது,” என்றார் சிமியோன்.

எமில்ராஜ் சுத்தியலைப் போட்டுவிட்டு வந்தான். “சற்றலைற் சரிதான். கூரைதான் சிக்னலை மறிக்குது. ஐஸ் அறைச் சுவரிலை பட்டுத் தெறிச்சு, சுத்தி வாறதைத்தான் போன் பிடிக்குது. சுத்தி வந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஆள் கடலுக்கைதான். உங்கடையையும் பாருங்கோ.”

சிமியோன் பார்த்தார். பக்கத்தில் நண்டு உடைத்த ஜசிந்தா எட்டிப் பார்த்துக் கத்தினாள்: “முதலாளி கோயிலடியிலை நிக்கிறார்! பாவசங்கீர்த்தனத்துக்கோ?”

சிமியோனின் முகம் கறுத்தது. “கம்பஸிலை படிச்ச கதை இஞ்சை வேண்டாம். போன் சொன்னதுதான் கணக்கு. லூர்த்தம்மா, வெளியிலை போ.”

எமில்ராஜ் தன் கைபேசியைக் கழற்றி, தான் கொண்டுவந்த பேணிக்குள் போட்டான். லூர்த்தம்மாவும் போட்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தகரம் அதிர்ந்தது.

“என்ன செய்யிறியள்?”

“பேணிக்குள்ளை சிக்னல் வராதாம் முதலாளி,” என்றாள் லூர்த்தம்மா. “இப்ப வாடியிலை ஒருத்தரும் இல்லை. இல்லாத ஆக்கள் எப்பிடி நண்டு உடைக்கிறது?”

நண்டு ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் நண்டு ஏற்ற வந்த கொழும்பு லொறி ஹோர்ன் அடித்தது. ஒருத்தியும் குந்தவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

எமில்ராஜ் பேணியை மூட மூடியைக் கையில் எடுத்தான். லவீனா செபம் சொல்லியபடியே கண்ணை மூடினாள் என்று ஊர் சொல்லும். அவன் பக்கத்தில் நின்றவன். ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் ஏறியபோது, இந்தப் பேணியை அவன் கையில் தந்து ஒன்று சொன்னாள். அதுதான் அவளின் கடைசிச் சொல்.

“மூடியை நல்லா இறுக்குங்கோ.”