பதினோரு படிவங்கள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. மாலை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி தனக்கு நடந்ததாகச் சொன்னது. "எழுதிக்கோ, முடிவை மட்டும் மாத்திடு" என்றாள். மூன்று வாரமாக அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், மழை விடாமல்...' (வேண்டாம். மழை பெய்யவில்லை.)

இரண்டாவது: யாருக்கு ஓட்டு என்று ஒரு நாளிதழுக்காக வீடு வீடாகக் கேட்டுப் படிவம் நிரப்புவது அவள் வேலை. கடைசி நாளில் பதினோரு வீடுகள் பூட்டிக்கிடந்தன. கால் கடுத்தது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தப் பதினொன்றையும் தானே நிரப்பினாள்.

போட்டி நர்சம்மாவுக்கும் லாரி முதலாளிக்கும். நர்சம்மா ஜெயித்தால் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நீடிக்கும். முதலாளி ஜெயித்தால் மூடிவிடுவார்கள். அவளுடைய அம்மா வாரம் மூன்று முறை அங்கேதான் போய்ப் படுக்கிறாள். அதனாலேயே, தன் பக்கம் சாய்ந்ததாக இருக்கக் கூடாதென்று, பதினொன்றையும் முதலாளிக்குப் போட்டாள்.

(யாராவது நம்புவார்களா என்று கேட்டேன். "பொய்யிலயும் ஒரு நியாயம் வேணும்ல" என்றாள்.)

3

நாளிதழில் வந்தது: இருநூறு பேரில் முதலாளிக்கு நூற்று நான்கு, நர்சம்மாவுக்குத் தொண்ணூற்றாறு. (பதினொன்றைக் கழித்துப் பார்த்தேன். நர்சம்மாதான் முன்னால்.)

ஓட்டுப்பதிவு நாள், மாலை. அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"கிளம்பலையாம்மா?"

"எதுக்குடி? அதான் நர்சம்மா தோத்துடும்னு பேப்பர்ல போட்டிருக்கே. வரிசைல நின்னு கால் வீங்குறதுதான் மிச்சம். எதிர்வீட்டு அண்ணன்கூட ஜெயிக்கிற ஆளுக்கே போட்டுட்டு வந்துட்டாராம். ஓட்டு வீணாகக் கூடாதாம்."

"அதெல்லாம் சும்மா போடுறதும்மா."

"சும்மாவா? வீடு வீடா நடந்து நீதானடி கேட்டே. என் பொண்ணு கேட்டு எழுதுனதை நம்பாம வேற எதை நம்புறது?"

அவள் வாயைத் திறந்தாள்.

4

(அ) சொல்லிவிடுகிறாள். அம்மா செருப்பைத் தேடுகிறாள்.

(ஆ) சொல்லவில்லை. மறுமாதம் ஆஸ்பத்திரியில் அந்த டயாலிசிஸ் அறைக்குப் பூட்டு...

(இரண்டாவதுதான் நடந்தது. அதைத்தான் மாற்றச் சொன்னாள்.)

5

வாக்குச்சாவடி மூட இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. முடிவை உங்களிடமே விடுகிறேன். அம்மாவைக் கிளப்புவது எளிது. நானே இரண்டு தடவை கிளப்பிப் பார்த்துவிட்டேன். அதே நாளிதழைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எந்த வரியில் எழுப்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.