பேக்கரிக்காரரின் இடது கன்னம்

பேக்கரிக்காரருக்குச் சளி பிடித்து மாதக்கணக்காகிறது. மாத்திரை போட்டால் பதுங்கும். நிறுத்தினால் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி மறுபடி வந்து சம்மணம் போட்டுவிடும். அதுகூடப் பரவாயில்லை, மூக்குக்கு வாசமே தெரிவதில்லை. ரொட்டி வெந்ததை வாசத்தாலேயே சொல்லுகிற மனிதர், இப்போது அடுப்புக் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தார். அப்படியும் தட்டுத் தட்டாகக் கருகியது. மூக்குக்கு வாசம் திரும்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் நடுங்கினார்.

மனைவிதான் அவரை மூக்கு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"குனிங்க. எங்க வலிக்குது?"

"இடது கன்னத்துல கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்தார். "சீழ் ஒரு பக்கம் மட்டும்தான் வருது. மேல் பல்லு ஏதாவது தொந்தரவு பண்ணுதா?"

"சேச்சே! பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

"பொய் டாக்டர்," என்றாள் மனைவி. "ரொம்ப நாளா ஒரு பக்கமாத்தான் மெல்றாரு."

டாக்டரம்மா கையிலிருந்த கருவியின் காம்பால் இடது கடைவாய்ப் பல்லை மெல்லத் தட்டினார். பேக்கரிக்காரர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். எக்ஸ்ரேயில் குட்டு வெளிப்பட்டது: பல் விரிசல் விட்டு, வேரில் சீழ் பிடித்து, அது மேலே சைனஸ் அறைக்கே ஏறியிருந்தது.

"மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. தினமும் உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுங்க. ஆனா பல்லைக் கவனிக்காம இது போகாது. உடனே பல் டாக்டரைப் பாருங்க."

"என் தம்பியே பல் டாக்டர்தான்!" என்று மலர்ந்தாள் மனைவி. பேக்கரிக்காரரின் முகம் சுண்டிப்போனது.

விஷயம் இதுதான். ஒரு குடும்ப விருந்தில் அந்த மைத்துனன், "மாமா பிஸ்கட் இருக்கிற வரைக்கும் எனக்குப் பேஷண்டுக்குப் பஞ்சமே இல்லை" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டார். சில நாளில், கடையில் தனியாக இருக்கையில், தன் பிஸ்கட்டைத் தானே கடித்தார். 'டக்'கென்றது பல். அன்றிலிருந்து சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் திரிந்தார் மனிதர்.

இப்போது வேறு வழியில்லாமல் சபதத்தை விட்டு அவன் வாசப்படியை மிதித்தார். மைத்துனன் வாய்க்குள் பார்த்துவிட்டுக் கேட்டான். "எதைக் கடிச்சீங்க மாமா?"

பேக்கரிக்காரர் போட்டு உடைத்தார். "என் பிஸ்கட்டைத்தான்டா."

சிரிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டார். அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா," என்றான். அப்புறம் வலிக்காமல் பல்லைப் பிடுங்கினான்.

சில வாரம் கழித்து ஒரு காலை, அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற பேக்கரிக்காரர் சட்டென்று கத்தினார். "வாடா மாப்ளே!"

"திரும்பாமலே எப்படித் தெரிஞ்சுது?" என்றான் வாசலில் மைத்துனன்.

"உன் மேல கிராம்புத் தைலம் மணக்குதுடா!" சொன்ன பிறகுதான் தனக்கு வாசம் தெரிகிறது என்பது அவருக்கே உறைத்தது. பின்னாலேயே ரொட்டி வாசமும் வந்தது. ஆனந்தத்தில் கண் கலங்க, புதிதாக வேறு பக்குவத்தில் சுட்ட பிஸ்கட் ஒன்றை அவன் கையில் திணித்தார். "கடி. பல்லு போனா என் பொறுப்பு."

கடித்தான். அது வாயில் கரைந்தது.

"அடப்பாவி மாமா, என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.