மாமனார் கரியும் மாப்பிள்ளை ஹூக்காவும்

தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை பட்டாசு கொண்டு வருவார், இனிப்புப் பெட்டி கொண்டு வருவார். எங்கள் மாப்பிள்ளை மதன்குமார் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டு வந்தார். குடுவைக்கு மேல் ஆள் இடுப்புயரத்துக்கு ஒரு பித்தளைத் தண்டு, உச்சியில் ஒரு மண் கிண்ணம், பக்கத்தில் நீளமாக ஒரு குழாய். சின்னத் தேரை இழுத்து வந்து நிறுத்தினது போல அதைக் கூடத்தின் நடுவில் நட்டார். பேர் ஹூக்காவாம். குவைத்தில் பெரிய மனுஷர்கள் எல்லாம் பிடிப்பார்களாம்.

"சிகரெட்டு மாதிரி இல்ல அத்தை. ஆப்பிள் வாசனையா இருக்கும்" என்றார்.

ஆப்பிளோ அன்னாசியோ, நெஞ்சுக்குள் போவது புகைதானே என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. குவைத்தில் பெரிய ஓட்டலில் மேனேஜராக இருக்கிறவர், முதல் தீபாவளிக்கு வந்திருக்கிறார், அவரிடம் போய் வாயைக் கொடுப்பானேன் என்று அடக்கிக்கொண்டேன். நான் அடக்கி என்ன புண்ணியம்? வினை என் வீட்டுக்காரர் ரூபத்தில் வந்தது.

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்குக் கரி வியாபாரம். திருச்சுழி ரோட்டில் எங்களுக்குக் கரிமூட்டம் இருக்கிறது. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டு, அது கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது என்று ராப்பகலாகக் காவல் கிடக்கிற தொழில். அருப்புக்கோட்டை டீக்கடைகளில் முக்கால்வாசி எங்கள் கரிதான் என்று அவர் சொல்லிக்கொள்வார். என்னை யாராவது குறை சொன்னால் அந்த மனுஷர் கூடச் சேர்ந்து சிரிப்பார். கரியைக் குறை சொன்னால் சட்டையைப் பிடிப்பார்.

எனக்கு அந்தக் கரியைக் கண்டாலே ஆகாது. கொடியில் காய்கிற துணி கறுப்பு, வாசற்படி கறுப்பு, தலையணை உறை கறுப்பு. இவர் தும்மினால் கைக்குட்டையும் கறுப்பு. என் மகள் முருகலட்சுமிக்காவது இந்தக் கரித்துணி துவைக்கிற பாடு வேண்டாம் என்று, கரி யாவாரம் பார்க்கிற வரன் எத்தனையோ வந்தும் திருப்பி அனுப்பிவிட்டு, மேனேஜர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளை ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே சோப்புக் கட்டியை அறுத்து அடுக்கினது போல ஒரே அளவில் கறுப்புக் கட்டிகள். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மாப்பிள்ளை, இது கரியில்ல?"

"ஆமா மாமா. தேங்காச் சிரட்டைக் கரி. ஹூக்காவுக்குன்னே செய்யுறது."

"காசு குடுத்தா வாங்குனீக?"

"ஆமா மாமா."

"என் குடோன்ல லோடு லோடாக் கெடக்கு. பூமிநாதன் வீட்டு மாப்பிள்ளை கரியை வெளிய வாங்குறாருன்னு தெரிஞ்சா நாளைக்கு நான் எந்தக் கடை வாசல்ல போய் நிப்பேன்?" இவருக்குக் குரலே உடைந்துவிட்டது.

அட்டைப்பெட்டி பரணுக்குப் போயிற்று. மனுஷர் வண்டியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் பறந்து, ஒரு சாக்கோடு திரும்பினார். சாக்குக்குள் தூர்க்கரி. வேலிக்கருவையின் வேர்க்கட்டையைத் தோண்டியெடுத்துச் சுட்ட கரி அது. தட்டினால் வெண்கலம் மாதிரி கிண்ணென்று சத்தம் வரும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒசத்தி கிடையாது. அதை அவர் சொந்தத் தம்பிக்கே அளந்துதான் கொடுப்பார்.

வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். கரி கனிந்ததும் இடுக்கியால் கொழுக்கட்டைப் பருமனில் ஒன்றை எடுத்து, ஹூக்காக் கிண்ணத்துக்கு மேல் சுற்றியிருந்த வெள்ளித்தாளின் நட்ட நடுவில் வைத்தார். தாள் குழிந்து உள்ளே இறங்கியது.

"இழுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை இழுத்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போயின. அப்புறம் ஓர் இருமல் இருமினார் பாருங்கள், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது.

"எப்படி?"

"நல்லா... இருக்கு... மாமா."

"சூடு பத்தலையோ?" என்று கேட்டுவிட்டு இவர் இன்னொன்றையும் தூக்கி வைத்து, விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தார். கிண்ணத்திலிருந்து ஆப்பிள் வாசனை வரவில்லை. அடிபிடித்த வெல்லப்பாகு வாசனை வந்தது. படீரென்று ஒரு பொறி தெறித்து மாப்பிள்ளையின் புது வேட்டியில் விழுந்தது. புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. "ஐயோ!" என்று நான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன். இவர் விசிறுவதை நிறுத்தவில்லை. இன்னொரு பொறி தெறித்தது.

மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "விடுங்க மாமா" என்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, இடுக்கியைப் பிடுங்கினார்.

அந்த நிமிஷத்திலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். கருகின தாளைக் கழற்றி எறிந்தார். கிண்ணத்தைத் துடைத்துப் புதுப் புகையிலை போட்டார். தாளைத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, ஊசியால் துளை போட்டார். கரியை மூன்று துண்டாக உடைத்து, கறுப்புத் தெரியாமல் முழுசாகக் கனிகிற வரைக்கும் காத்திருந்தார்.

"நடுவுல வைக்கவே கூடாது மாமா, ஓரத்துல நிறுத்தணும்" என்று நிமிராமலே சொன்னார். "சாம்பல் மூடுச்சுன்னா தட்டிவிடணும். தொண்ட கரகரத்தா ஒண்ண எடுத்துரணும். புகை மெலிஞ்சா திரும்ப வைக்கணும். விசிறவே கூடாது."

அதோடு விட்டிருக்கலாம். மிச்சக் கங்குகளை என் ஜல்லிக்கரண்டியில் அள்ளி, அணையாமல் இருக்க அதை மெல்ல ஆட்டிக்கொண்டே, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நெளிந்து வந்தார். வழியில் நின்ற என் வீட்டுக்காரரிடம் குனிந்து, "எக்ஸ்கியூஸ் மீ சார்" என்றார்.

தூக்கின சொம்பை நான் கீழே வைத்தேன்.

"மாப்பிள்ளை, மேனேஜருமாரு இப்படியா நடப்பாக?" என்று கேட்டேன்.

அவர் கையில் கரண்டி ஆடுவது நின்றது. "நான் மேனேஜர் இல்ல அத்தை. கஃபேல டேபிள் டேபிளாப் போய் ஹூக்காவுக்குக் கரி மாத்தி வைக்கிறதுதான் என் வேலை."

"எங்கிட்டக் கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டாகம்மா" என்றாள் முருகலட்சுமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. கரிக்காரன் வேண்டாமென்று உள்ளூர்க்காரனை எல்லாம் தள்ளிவிட்டு, விமானத்தில் போய்க் கரி அள்ளுகிறவனைத் தேடிப் பிடித்திருக்கிறேன்! நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"அப்ப நீங்க கரி தெரிஞ்ச ஆளு" என்றார். "சொல்லுங்க. என் கரி எப்படி?"

மாப்பிள்ளை உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தார். யோசித்தார். இன்னொன்று இழுத்தார்.

"இதுக்கு ஆகாது மாமா. சூடு ஒரே சீரா நிக்கல, ஏறி ஏறி இறங்குது. பொறி தெறிக்குது. மர வாசனையும் சேந்து வருது."

என் வீட்டுக்காரர் எழுந்தார். கொல்லைப் பக்கம் போய்க் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாட்டுக்கோழிக் குழம்போடு இலை போட்டுக் கூப்பிட்டேன், அசையவில்லை. மாப்பிள்ளை போய் நின்று, "மாமா" என்றார். சுவரிடம் பதில் எதிர்பார்க்கலாம், அவரிடம் முடியாது.

முருகலட்சுமி அழுதுகொண்டே பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். "இவுககூடப் பேசாத வீட்டுல எனக்கென்ன வேலை? சாயந்தரப் பஸ்ஸுக்குப் போறோம். இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அந்த விஷயத்தில் அப்பனுக்குப் பிறந்தவள்தான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒற்றை மகள், தலை தீபாவளியன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல் இறங்கினால் அந்தப் படியை நான் எப்படித் தினமும் கூட்டுவேன்? எம்.ரெட்டியபட்டியிலிருக்கிற சம்மந்திக்குப் போனைப் போட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா சோலை ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார். நேரே கொல்லைக்குப் போய்க் கட்டில் முன்னால் கையைக் கூப்பினார்.

"சம்மந்தி, வேலையைப் பத்திப் பொய் சொன்னது தப்புத்தான். நான்தான் சொல்லச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

"வேலை கெடக்கு" என்றார் இவர். "மேனேஜரா இருந்தா என்ன, கரி மாத்துனா என்ன, ஒழைச்சுத்தான சாப்பிடுறாரு. உங்க மகன் என் தூர்க்கரியை ஆகாதுன்னுட்டாரு."

சோலை கூப்பின கையை இறக்க மறந்து நின்றார். ஆட்டோவில் வரும்போது எத்தனையோ சமாதானம் யோசித்து வைத்திருப்பார். இதற்கு அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மகனைத் தரதரவென்று இழுத்து வந்தார்.

"ஏலே, நல்ல கரின்னு ஒரு வார்த்தை சொல்லிரு. சோலி முடிஞ்சுது."

"சொல்லிருங்க" என்றாள் முருகலட்சுமி, பெட்டியும் கையுமாக.

"சொல்லிருங்க மாப்பிள்ளை, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றேன் நான். அந்தக் கரிக்கு நான் சிபாரிசு பண்ணுகிற காலமும் வந்தது.

மாப்பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் திறந்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"டீக்கடைக்கு இது ராசா மாமா" என்றார். "இஸ்திரிக்கு, பரோட்டாக் கல்லுக்கு, இதுக்கு மேல ஒரு கரி கெடையாது. ஆனா..."

"ஏலே, ஆனா வேண்டாம்லே!" என்று சோலை கத்தினார்.

"ஆனா ஹூக்காவுக்கு ஆகாதுப்பா. ஆகாததை எப்படி ஆகும்னு சொல்றது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பினார். கொல்லைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக மாப்பிள்ளையை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"பொண்ணு கேட்டு வந்தப்ப வாய் கூசாம மேனேஜர்னு சொன்ன ஆளு" என்றார். "இப்பப் பொண்டாட்டி அழுறா, பெத்தவரு கையெடுத்துக் கும்புடுறாரு, மாமியா கால்மாட்டுல கெடக்கா. அப்பவும் கரியைப் பத்தி ஒரு பொய் வரமாட்டேங்குது பாரு." கட்டிலைத் தட்டிக் காட்டினார். "உக்காருய்யா இங்க. தொழில்காரன்யா நீ."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். முருகலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பாவம் சோலைதான், நின்ற இடத்திலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"சம்மந்தி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இப்ப உங்க கரி நல்ல கரியா, இல்லையா?"

கட்டிலிலிருந்து மாமனும் மருமகனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஹூக்காவுக்கு ஆகாது."