ஒரு ஸ்தாயி கீழே

அந்த இசைக்குழுவில் ஃபிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறவர்கள் நான்கு பேர். முதல் நாற்காலிக்காரரை எல்லோரும் பெரிய கொம்பு என்றார்கள். கையில் ஒன்றும் தலையில் இரண்டுமாக அவருக்கு மொத்தம் மூன்று கொம்பு என்று வயலின்காரர்கள் சொல்வதுண்டு. உச்சத்துக்குப் போய் ஒரு சுரத்தைப் பிடித்து அவர் நின்றால், அரங்கத்தின் கூரையில் இருக்கும் புறாக்கள் எழுந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடும். அவர் மூச்சு விட்ட பிறகுதான் திரும்பி வரும். நாளாக ஆக அவை பழகிப்போய், நிகழ்ச்சி நாட்களில் விளக்குப் போடும்போதே கிளம்பிவிடுமாம். இதைச் சொன்னது காவலாளி. அவர் பொய் சொல்ல மாட்டார். அந்த அளவுக்கு அவருக்குக் கற்பனை கிடையாது.

நாலாவது நாற்காலியில் பெரிய கொம்பின் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஆகவே சின்னக் கொம்பு. அடியாழத்துச் சுரங்கள் எல்லாம் அவன் பாடு. பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கைக்குட்டை எடுப்பார்கள்.

ஒருநாள் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சின்னக் கொம்பு தான் எங்கோ தேடிப் பிடித்த ஒரு பாடத்தைப் பற்றி ஆசையாகப் பேச்செடுத்தான். "மாமா, கீழ்ச்சுரத்துக்குன்னே ஒருத்தர் எழுதியிருக்கார், அதுல ஒரு விசேஷம் என்னன்னா..."

பெரிய கொம்பு வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. "இசைத்தாள்ல இருக்கற அஞ்சு கோட்டுக்குக் கீழ நடக்கறதையெல்லாம் எங்கிட்ட சொல்லாதடா. அது கட்டடத்துக்கு அடியில போற குழாய் மாதிரி. அடைக்காம இருந்தா சரி. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

மேஜையே சிரித்தது. சின்னக் கொம்பும் சிரித்தான். அவன் அக்கா மட்டும் இன்னும் காலியாகாத தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இது நடந்து வெகுகாலம் கழித்து ஓர் ஒத்திகையில், பின்வரிசை டிராம்போன்காரர் குழாயை முழு நீளத்துக்கு நீட்டினார். அவர் மேல் தப்பில்லை. அந்த இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கீழே விழுந்த பென்சிலை எடுத்துவிட்டுத் திரும்பி நிமிர்ந்த பெரிய கொம்புதான் அதை எதிர்பார்க்கவில்லை. முன்பல் இரண்டும் போயின. ஒன்று கிடைத்தது. இன்னொன்று பெரிய முரசுக்குள் விழுந்துவிட்டது என்றும், இன்றைக்கும் முரசை அடித்தால் லேசாகக் கலகலக்கும் என்றும் சொல்கிறார்கள்.

பல் டாக்டர் கட்டிக்கொடுத்த பல் சிரிப்பதற்குத் தோதாக இருந்தது, ஊதுவதற்குத்தான் தோதாக இல்லை. பெரிய கொம்பு சிரிக்கிற ஆளும் இல்லை. உச்சத்துச் சுரங்கள் எல்லாம் வெறும் காற்றாகப் போயின. புறாக்கள் கூரையை விட்டு நகரவே இல்லை.

மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த காகித எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார். "ரெண்டாவது ஹார்ன் ஓய்வுல போறார். உங்க மச்சினர் அங்க ஏறிடறார். அதனால நாலாவது காலி. திரைக்குப் பின்னால இருந்து வாசிச்சுக் காட்டணும், எல்லாருக்கும் உள்ள விதிதான். நீங்களே தேர்ந்தெடுத்த பாடம் ஒண்ணு. கீழ்ச்சுரப் பாடமா இருக்கணும்."

"இல்லன்னா?"

காகித எடை மறுபடியும் நகர்ந்தது.

வீட்டில் மனைவி சொன்னாள்: "தம்பிகிட்ட கேளுங்களேன். எந்தப் பாடம் நல்லா இருக்கும்னு அவனுக்குத் தெரியாததா?"

"அவன்கிட்டயா? நானா?"

"கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

"ஏற்கெனவே தேஞ்சுதான் இருக்கு."

அவருடைய கணக்கு வேறு. எல்லோரும் ஊதுகிற பாடத்தை ஊதினால், கேட்கிறவர்களுக்கு அது மனப்பாடம். எந்த இடத்தில் உதடு சறுக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருத்தரும் கேட்டிராத பாடமாக இருந்தால், சறுக்கினாலும் அதுதான் ராகம் என்று நினைத்துக்கொள்வார்கள். கேள்விப்படாத பாடமாகத் தேடிக் கிளம்பினார்.

இசைத்தாள் கடைக்காரர் ஏணியில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். "எல்லாரும் வாசிக்கறது வேணுமா, அலமாரி நெறைய இருக்கு. யாரும் வாசிக்காதது வேணும்னா, யாரும் வாங்காததை நான் ஏன் வச்சிருக்கப் போறேன்? அதுவும் நாலாவது ஹார்னுக்கு. யாருக்கு இது?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு," என்றார் பெரிய கொம்பு.

"பாவம்," என்றார் கடைக்காரர்.

நூலகத்து அம்மாள் பட்டியலில் தேடிவிட்டு, "கொம்புன்னு ஒண்ணு இருக்கு, ஆனா ஆடுமாடு வளர்ப்புல இருக்கு," என்றாள். போய்ப் பார்த்தால் உண்மைதான். கோமாரி நோய்க்கும் பால்பண்ணைக்கும் நடுவில் ஒரு ஹார்ன் பாடப் புத்தகம், யாரோ தலைப்பை மட்டும் படித்து அடுக்கியது. அது உச்சத்துச் சுரங்களுக்கான பாடம். பல் இருந்த காலத்தில் காலையில் வாய் கொப்பளிக்கிற மாதிரி ஊதித் தள்ளியது. நின்றபடியே ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசித்துப் பார்த்தார். மனதுக்குள் எல்லாச் சுரமும் வந்தது. புத்தகத்தை மாடுகளோடு வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கடைசியில், மச்சினனுக்கு முன்னால் நாலாவது நாற்காலியில் இருந்து செத்துப்போனவரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த மனிதரோடு அவர் ஒரே மேடையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தார். பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. இறந்தவரின் மனைவி தையல் மேஜையின் காலைத் தூக்கச் சொல்லி, அடியிலிருந்து மடித்த தாள்கட்டு ஒன்றை உருவிக் கொடுத்தாள். பழைய அச்சு. எழுதியவர் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை சுரங்கள் கோடுகளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

"இதை யாரும் வாசிச்சுக் கேட்டதில்லையே?" என்றார்.

"இவர் வாசிப்பார். அப்புறம் ஒரு தம்பி வந்து உக்காந்து பார்த்து எழுதிட்டுப் போச்சு. நல்ல பிள்ளை. திரும்ப மேஜைக்கு அடியில அதுவே வச்சுட்டுப் போச்சு. நீங்களும் வாசிச்சிட்டுக் கொண்டாந்து குடுத்துடணும், மேஜை ஆடும்."

அவர் காதில் விழுந்தது மேஜை ஆடும் என்பது மட்டும்.

பயிற்சி தொடங்கியது. சுரங்கள் எழுதியிருந்த ஆழத்துக்கு இறங்குவது லேசாக இல்லை. உதட்டைத் தொளதொளவென்று விட்டு, வயிற்றிலிருந்து காற்றைக் கொட்ட வேண்டியிருந்தது. அவர் இறங்க இறங்க வீட்டில் சில மாறுதல்கள் தெரிந்தன. அலமாரியின் கைப்பிடி கழன்று விழுந்தது. வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பூமி அதிர்ச்சி என்று வெளியே ஓடி வந்து, அங்கே நிற்கிற நேரத்தில் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள்; அதில் ஒரு கல்யாணம்கூட நிச்சயமானது. சாக்கடைக்காரர்கள் மூடியைத் திறந்து பார்த்து, அடைப்பு ஒன்றுமில்லை என்று மூடிவிட்டுப் போனார்கள்.

"என் தம்பி வாசிச்சா இப்படிப் பூமிக்குள்ள போகாதே," என்றாள் மனைவி.

"அதனாலதான் அவன் அவன், நான் நான்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் அவர் ஊத ஆரம்பித்தால் அங்கே ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். இப்போது ரேடியோவும் இல்லை. மரியாதை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தேர்வு நாளில் திரைக்குப் பின்னால் நின்று, தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமாக வாசித்தார். ஒரு சுரம் சறுக்கவில்லை. முடித்ததும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசைக்குழு நடத்துனரின் குரல்: "இவ்வளவு ஆழத்துல இவ்வளவு சுத்தமா நான் கேட்டதில்ல. இந்தப் பாடம் எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரியுமா?"

பெரிய கொம்பு திரையைப் பார்த்துச் சிரித்தார். பல் டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அங்கே கேட்க உட்கார்ந்திருந்த ஹார்ன்காரர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சுவர் வழியாக எத்தனையோ காலமாகக் கேட்ட செருமல்.

"எனக்குத் தெரியும் சார்," என்றான் சின்னக் கொம்பு. "இது பழைய எழுத்து. அந்தக் காலத்துல ஹார்னுக்கு இந்தச் சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கித்தான் எழுதுவாங்க. படிக்கறவங்க ஒரு ஸ்தாயி ஏத்தி வாசிக்கணும். கீழ்ச்சுரம் வாசிக்கறவங்களுக்கு இது அரிச்சுவடி. இவர் எழுதியிருக்கறதை அப்படியே வாசிச்சிட்டார். பாடம் முழுக்க ஒரு ஸ்தாயி கீழ போயிடுச்சு."

"அப்ப முழுசும் தப்பா?"

"ஒவ்வொரு சுரமும்."

பட்டியலைப் புரட்டுகிற சத்தம். "இது தெரியாதவரை இந்த நாற்காலியில உக்கார வைக்க முடியாதே," என்றார் நடத்துனர் வருத்தத்தோடு. "அடுத்தவரை வரச் சொல்லுங்க."

படிக்கட்டில் பெரிய கொம்பு காத்திருந்தார். மச்சினன் வெளியே வந்தான். அவரைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகவில்லை.

"சுவர் வழியா எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுது மாமா. தினமும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது. இதே பாடத்தைப் பத்தித்தான். அஞ்சு கோட்டுக்குக் கீழ நடக்கறதை எங்கிட்ட சொல்லாதடான்னீங்க."

"அது எந்தக் காலத்துல சொன்னது."

"அந்த வார்த்தையை நீங்க திரும்ப எடுத்துக்கலையே," என்றான் சின்னக் கொம்பு. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, ஹார்னை எடுத்துப் பாடத்தை ஒரு ஸ்தாயி ஏற்றி வாசித்துப் பார்த்தார். வந்தது. கட்டின பல்லோடு, சிரமமே இல்லாமல், யாரோ அவர் உதட்டை அளவெடுத்து எழுதிய மாதிரி வந்தது. கைப்பிடி விழவில்லை, தண்ணீர் ஆடவில்லை. கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி.

"இப்ப சரியா இருக்கு, மாமா."

மனைவி எழுந்தாள். கைப்பிடி இல்லாத அலமாரியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து, அந்தச் சுவரை மறைக்கிற மாதிரி அதைத் தள்ள ஆரம்பித்தாள். தம்பியின் காதுக்காகவா, தன் காதுக்காகவா என்று அவர் கேட்கவில்லை. தாள்கட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, மேஜைக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்தார்.