ஐம்பது வருஷக் காவல்

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உமாமகேஸ்வரி கூடத்துக்குள் ஒரு காலை வைத்ததுமே அத்தை மங்கையர்க்கரசி குறுக்கே வந்துவிட்டாள்.

"எங்கடி போற? புள்ளத்தாச்சி பொணத்தத் தொடலாமா? உள்ள போ."

அத்தை வழிமறித்தால் விழிதியூரில் யாரும் தாண்டிப் போனதில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா தெட்சிணாமூர்த்தி குனிந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் அம்மா கிடந்தாள். குளிப்பாட்டுவதற்கு முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் அவள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பெற்ற மகளின் கை மட்டும்தான் பாக்கி. இப்போது விட்டால் இனி எந்த ஜென்மத்தில் தொடுவது?

"பொல்லாத புத்துநோயிடி. வயித்துப் புள்ளைக்கு ஒட்டிக்கும்."

இனி ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? காரைக்கால் பள்ளியில் விலங்கியல் நடத்துகிற உமாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செல்லுக்குள் ஏதாவது பழுதானால், சரிசெய்யும்வரை இரண்டாகப் பிரியாதே, நில் என்று சொல்ல ஒரு நொதி உண்டு. அதை உண்டாக்கும் மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. அம்மாவுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தது. அது உமாவுக்கும் வந்திருப்பதாகச் சென்னை டாக்டர் போன மாசம்தான் சொன்னார். அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

அன்றைக்கு அம்மா அழவில்லை. கண்ணை அகல விரித்தாள்.

"ஒண்ணு நல்லாருக்குல்ல? அந்த ஒண்ணுதானே என்னை அம்பது வருஷம் காத்திருக்கு! கோடி கோடியா செல்லுங்குற, அத்தனையையும் பாத்துப் பாத்து நிறுத்திருக்கே. அடேயப்பா!"

உமா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே இந்த நிமிஷமும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும், நின்று சரிபார்த்துச் சரிபார்த்து. யாரும் சொல்லிக்கொடுக்காமல். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது, மேலெல்லாம் புல்லரித்தது.

"தொடணும் அத்தை" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வழிய விடுக்கா."

"முறைன்னு ஒண்ணு இருக்குடா தம்பி."

"இருக்கட்டும். அவளப் பெத்தவ."

அத்தை ஒதுங்கினாள். உமா எண்ணெயைத் தொட்டுக்கொண்டு குனிந்தாள். புறங்கையால் வைக்க வேண்டும் என்பது மறந்து உள்ளங்கையையே வைத்துவிட்டாள். யாரும் திருத்தவில்லை.

மருந்தில் மொட்டையாகிப்போயிருந்த தலையில், கடைசி நாட்களில் பச்சைக் குழந்தைக்குப் போலப் பூனைமுடி முளைத்திருந்தது. தேய்த்தபோது படிந்தது. கையை எடுத்ததும் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டது.